உன் மகன் தலையில் முடி இல்லாத விவரம்

அன்பு மகளுக்கு உம்மா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நான் நலம், என் முழங்கால் பாதி நலம், உன் தம்பி நலம், விடுதியில் உன் மகன் நலத்திலும் நலம், தலையில் முடி இல்லை என்ற ஒன்றைத் தவிர அவனுக்கு ஒரு குறையும் கிடையாது. அங்கே வெளிநாட்டில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். வியாழக்கிழமை போனில் நீ அழுத அழுகையில் நான் சொல்ல வந்தது எதுவும் உன் காதில் ஏறவில்லை, பிள்ளைக்குப் பேன் வந்துச்சா காய்ச்சல் வந்துச்சா இல்ல தண்டனையா மொட்டை அடிச்சாங்களா என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டு ஒன்றுக்கும் பதில் வாங்காமல் வைத்துவிட்டாய், அடுத்த மாசம் வந்து கையோடு கூட்டிட்டுப் போறேன் என்று மாப்பிள்ளை தனியாக வேறு செய்தி அனுப்பியிருக்கிறார். அதனால்தான் கடிதம். கடிதத்தை நடுவில் வைத்துவிட முடியாது பாரு. வைத்தாலும் திரும்ப எடுத்தால் நான் அதே இடத்தில்தான் பேசிக்கொண்டிருப்பேன்.

முதலில் உன் தம்பியைத்தான் சொல்ல வேண்டும். ஐம்பத்தேழு மொட்டைத் தலைகளை வரிசையாக நிற்க வைத்துப் போட்டோ எடுத்து அதன் கீழே எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க என்று எழுதி உனக்கு அனுப்பியிருக்கிறானே, அவனைப் பெற்ற வயிற்றுக்கு நான் என்ன சமாதானம் சொல்ல. ஆனால் அவனையும் ரொம்பக் குறை சொல்ல முடியாது. மதரஸா விடுதிக்கு அவனை நிர்வாகியாகப் போட்டு எட்டு மாசம்தான் ஆகிறது, காலையில் குர்ஆன், மத்தியானம் பள்ளிக்கூடப் பாடம், சாயங்காலம் விளையாட்டு, இதற்கு நடுவில் ஐம்பத்தேழு பேருக்குச் சோறு, சோப்பு, செருப்பு, அழுகை எல்லாம் அவன் தலையில். போன மாசம் குழந்தைகள் நல அதிகாரி என்று ஒரு அம்மா வந்தாங்க. பதினாலு பக்கத்துக்கு ஒரு படிவம் கொண்டுவந்து, விடுதி குழந்தைகளுக்கு ஏற்ற மாதிரி இருக்கணும், ஒவ்வொண்ணா சரி பண்ணுங்க, திரும்ப வந்து பார்ப்பேன், சரியில்லைன்னா அனுமதியைப் புதுப்பிக்க மாட்டோம் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாங்க. சிரிக்காமல் சொல்லியிருந்தால்கூட உன் தம்பி அவ்வளவு பயந்திருக்க மாட்டான். அன்றைக்கு ராத்திரி சாப்பிட உட்கார்ந்தவன் ரொட்டியைத் தண்ணீர் டம்ளரில் நனைத்துச் சாப்பிட்டான், குழம்பு பக்கத்திலேயே இருந்தது.

அந்த அம்மா கண்டுபிடித்ததெல்லாம் ஞாயமானதுதான் என்று வை. கக்கூஸ் கதவுத் தாழ்ப்பாளைத் தச்சர் தன் உயரத்துக்கு வைத்துவிட்டார், சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாது, அதனால் உள்ளே போகிறவன் ஆள் இருக்கு என்று தெரிவதற்காகச் சத்தமாக வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே இருப்பான். எத்தனை வருஷமாக இது நடக்கிறதோ, அந்த விடுதிப் பிள்ளைகள் கணக்கில் புலிகளாக இருப்பதற்குக் காரணம் இப்போதுதான் தெரிந்தது. தாழ்ப்பாளை இறக்கியாச்சு. அடுத்தது, ஓதிக்கொடுக்கிற பெரிய ஹஜ்ரத்தின் பிரம்பு. பெரிய ஹஜ்ரத்தை உனக்குத் தெரியும், அவர் சலாம் சொன்னால் ஜன்னல் கண்ணாடிதான் முதலில் பதில் சொல்லும். மனுஷன் அடித்ததைவிட ஆட்டியதுதான் அதிகம், ஆனாலும் பிரம்பு கூடாது என்று அந்த அம்மா சொன்னதும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் கொடுத்துவிட்டார். பிரச்சினை என்னவென்றால் முப்பது வருஷமாகப் பிரம்பு பிடித்த கை, வெறும் கையை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. முதல் நாள் உன் தம்பியின் குடையைப் பிடித்துக்கொண்டு பாடம் எடுத்தார், பிள்ளைகள் பிரம்பைவிடக் குடைக்குப் பயந்தார்கள், எப்போது விரியும் என்று தெரியாதே. குடையையும் வாங்கி வைத்தாச்சு. இப்போது ஒரு கைக்குட்டையைப் பிடித்திருக்கிறார். கோபம் வந்தால் அதை நாலாக மடிக்கிறார். ரொம்பக் கோபம் வந்தால் எட்டாக.

மொட்டைக்கு வருகிறேன், பொறு. படிவத்தில் ஒன்பதாவது பக்கத்தில், பிள்ளைகள் தங்கள் குறையைப் பயமில்லாமல் ரகசியமாகச் சொல்ல ஒரு வழி வேண்டும் என்று இருந்ததாம். உன் தம்பி உடனே ஒரு புகார்ப் பெட்டி செய்து மாட்டிவிட்டான். எங்கே மாட்டினான் தெரியுமா, ஹஜ்ரத் அறை வாசலில். ஏன்டா என்றால் அங்கேதான் ஆணி இருந்துச்சு என்கிறான். ஒரு வாரம் கழித்துத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரே ஒரு காகிதம், பெட்டியை வேறு இடத்தில் மாட்டவும் என்று. அதிகாரி அம்மாவுக்குப் போன் போட்டு யோசனை கேட்டிருக்கிறான். பெட்டியை விடுங்க சார், எந்தப் பெரியவங்ககிட்ட பேசப் பிடிக்கும்னு பிள்ளைகளையே கேளுங்க என்று சொல்லியிருக்காங்க. பேர் போடாமல் ஆளுக்கொரு சீட்டு எழுதச் சொன்னான். ஐம்பத்தேழு சீட்டில் ஐம்பத்தொன்றில் சலூன் மாமா, நாலில் சமையல்காரர், ஒன்றில் பூனை, ஒன்றில் பெரிய ஹஜ்ரத். அந்த ஒரு சீட்டை அவரே எழுதியிருப்பார் என்று சமையல்காரர் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தார், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சலூன் மாமா என்றால் மாசத்துக்கு ஒரு நாள் விடுதிக்கு வந்து முடி வெட்டுகிறவர். ஒல்லியான மனுஷன், தானாக ஒரு வார்த்தை பேச மாட்டார், யார் என்ன சொன்னாலும் ம் என்பார், அவ்வளவுதான். உன் தம்பி ஆள் அனுப்பிக் கூப்பிட்டதும், யார் காதையோ வெட்டிவிட்டோம் என்று நினைத்து அலறியடித்துக்கொண்டு ஓடி வந்தாராம். விஷயத்தைச் சொல்லி, இனிமேல் நீங்கதான் பிள்ளைகளோட நம்பிக்கைக்குரிய பெரியவர், வாரத்துக்கு ரெண்டு நாள் வந்து உட்கார்ந்து கேளுங்க என்று சொல்லி, ஒரு அறை, ஒரு மேசை, இரண்டு நாற்காலி போட்டுக் கொடுத்தான். முதல் பிள்ளை போய் உட்கார்ந்தது. மாமாவும் உட்கார்ந்தார். இரண்டு பேரும் பத்து நிமிஷம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் யாரோ மவுத்தாகிவிட்டார்கள், அந்தச் சாவுச் செய்தியைச் சொல்லத்தான் தன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்து அந்தப் பிள்ளை ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டது. மாமாவும் பயந்துபோய் எழுந்து நின்றுவிட்டார். கையில கத்தரி இல்லாம எனக்குக் காது வேலை செய்யாது சார் என்று உன் தம்பியிடம் சொல்லிவிட்டார். சரி என்று பக்கத்து வராண்டாவில் அவர் நாற்காலி, கண்ணாடி, வெள்ளைத் துணி, கத்தரி, மெஷின் எல்லாவற்றையும் வைத்துக் கொடுத்தார்கள். துணியைப் போர்த்தி, தலையைக் குனிய வைத்து, கத்தரி கிடுகிடு என்று ஓட ஆரம்பித்ததும் பார்க்கணுமாம், பிள்ளைகள் மடை திறந்த மாதிரி கொட்டுகிறார்கள். முகத்தை யாரும் பார்க்கவில்லை, நாமும் யார் முகத்தையும் பார்க்க வேண்டாம், அதுதான் சங்கதி. யாரோ படுக்கையை நனைத்தது, யாரோ பக்கத்துப் படுக்கைக்காரனின் காலுறை நாற்றம், யாருக்கோ வீட்டு ஞாபகம், எல்லாம் அங்கேதான். மாமா யார் சொன்னான் என்று சொல்லாமல், போர்வை பத்தலை, விளக்கு வேணும் என்று மட்டும் உன் தம்பியிடம் சொல்வார், இவன் சரிபண்ணுவான். மூன்று வாரம் என் மகனைப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது.

மூன்று வாரம்தான். மாசத்துக்கு ஒரு தடவை வெட்டிய முடியை வாரத்துக்கு இரண்டு தடவை வெட்டினால் தலையில் என்ன இருக்கும் சொல்லு. அதிகமாகக் குறை உள்ள பிள்ளை அதிக தடவை போகும், அதிக தடவை போன பிள்ளைக்கு மொட்டை. தொப்பிகள் எல்லாம் தளர்ந்துபோய் குனிந்தால் மூக்கில் வந்து உட்காருகிறதாம். இது இவ்வளவு பேருக்குத் தெரிந்தும் யாருக்கும் உறைக்கவில்லை, உறைத்தது பெரிய ஹஜ்ரத்துக்குத்தான், அதுவும் தப்பான இடத்தில் உறைத்தது. ஒரு நாள் காலையில் எல்லாரையும் நிற்க வைத்து அந்த இடிக்குரலில், அல்ஹம்துலில்லாஹ், தலையில முடி இருக்கற பிள்ளைகள் எல்லாரும் மனநிறைவா இருக்கீங்க, முடி இல்லாதவங்க பதினாலு பேர், உங்க குறை என்னன்னு சாயங்காலம் என் அறைக்கு வந்து சொல்லுங்க, நான் இருக்கேன் என்று சொல்லிவிட்டார். பாவம், அவர் பாசத்தில்தான் சொன்னார். ஆனால் ரகசியம் என்று போட்ட ஏற்பாடு ஊருக்கே தெரிகிற மாதிரி பதினாலு தலையில் எழுதி ஒட்டியாச்சு. அந்தப் பதினாலு பேரும் தொப்பியைக் காது வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு சுவரோரமாக நடக்க ஆரம்பித்தார்கள். சனிக்கிழமை மாமா வந்து நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு ஈ காக்கைகூட வரவில்லை.

இனி உன் மகன் கதை. அவனுக்கு விடுதியில் வக்கீல் என்று பேர் வைத்திருக்கிறார்கள், ஒன்பது வயசில் அவன் பேசுகிற பேச்சுக்கு அது குறைவுதான். அவன் அந்தப் பதினாலில் ஒருவன், அதை நான் மறைக்கவில்லை. சாயங்காலம் குழாயடியில் எல்லாரும் கை கால் கழுவும்போது ஒரு வாளியைக் கவிழ்த்து மேலே ஏறி நின்று, பதினாலு பேர் மொட்டைன்னாத்தானே தெரியுது, ஐம்பத்தேழு பேரும் மொட்டைன்னா யாரைக் கண்டுபிடிப்பாங்க என்று கேட்டிருக்கிறான். கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றானாம், இதை எனக்குச் சொன்னது சமையல்காரர், அடுப்படி ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தவர். புதன்கிழமை மாமா வந்ததும் பாக்கி நாற்பத்து மூன்று பேரும் வரிசையில் நின்றுவிட்டார்கள். அந்த மனுஷன் இத்தனை பிள்ளைகளுக்குக் குறையா யா அல்லாஹ் என்று கண் கலங்கி முதல் பிள்ளைக்குத் துணியைப் போர்த்தி ம் என்றால், ஒண்ணும் இல்ல மாமா, சும்மா மொட்டை அடிங்க என்கிறது. இரண்டாவது பிள்ளையும் அதேதான். மெஷின் சூடாகி இரண்டு தடவை நின்று, தண்ணீர்த் துணியைச் சுற்றி ஆற வைத்து, அஸர் தொழுகைக்குள் முடித்துவிட்டார். வெள்ளித்தட்டு மாதிரி ஐம்பத்தேழு தலை. அதில் இருபது பிள்ளைகளுக்கு ஒரு குறையும் கிடையாது, கூட இருக்கிறவனுக்காக முடியைக் கொடுத்திருக்கிறார்கள். என் பேரன் சொல்லி. நீ போட்டோவைப் பார்த்து அழுதாய், நான் அதைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு மாட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் வியாழக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் அதிகாரி அம்மா வந்து இறங்கிவிட்டாங்க. உன் தம்பி உனக்குப் போட்டோ அனுப்பி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வாசலில் நின்று உள்ளே பார்த்தவங்க அப்படியே அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாங்களாம். இருக்கிறதிலேயே சின்னப் பிள்ளையை அந்த அம்மா கூப்பிட்டு ஏன்பா மொட்டை என்று கேட்க, அது, எல்லாருக்கும் ஒரே மாதிரி தலை இருந்தா யாரு பேசினாங்கன்னு தெரியாதுல்ல டீச்சர் என்றிருக்கிறது. யாரு பேசினாங்கன்னு கண்டுபிடிக்கப் பார்த்தது யாரு என்று கேட்டாங்களாம். பிள்ளை தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டது. அப்போது பெரிய ஹஜ்ரத் தானே முன்னால் வந்து, நான்தாம்மா என்று சொல்லியிருக்கிறார். வாழ்க்கையில் முதல் தடவையாக மெதுவாகச் சொன்னாராம், பக்கத்தில் நின்ற உன் தம்பிக்கே சரியாகக் கேட்கவில்லை. அந்த அம்மா படிவத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, இதுக்குப் பதினாலு பக்கத்துலயும் கட்டம் இல்லையே என்று சொல்லிச் சிரித்துவிட்டு, ஓரத்தில் பிள்ளைகள் ஒற்றுமையாக இருக்கிறார்கள் என்று எழுதி, ஒரு மாசம் தவணை கொடுத்துப் போயிருக்காங்க. அனுமதி இன்னும் கைக்கு வரவில்லை, வரும். இப்போது வராண்டாவுக்குத் திரை போட்டாச்சு, பேச வருகிறவனுக்கு முடி வெட்டக் கூடாது, மாமா கத்தரியை வெறும் காற்றில் மட்டும் ஓட்ட வேண்டும் என்று உன் தம்பி சட்டம் போட்டிருக்கிறான். தலையை யாரும் எண்ணக் கூடாது என்பது இரண்டாவது சட்டம்.

இவ்வளவும் கேட்டுவிட்டு நீ என்ன கேட்பாய் என்று எனக்குத் தெரியும். அந்தப் பதினாலில் என் பிள்ளை ஏன் இருந்தான், அவனுக்கு என்ன குறை. எனக்கும் அதுதான் உறுத்தியது. சலூன் மாமாவைக் கேட்டேன். பதினோரு தடவை வந்தான்மா என்றார், ஒரே நாளில் இரண்டு மூன்று தடவைகூட வருவானாம், முடி போன பிறகும் வருகிறானாம். என்ன சொன்னான் என்று கேட்டேன், ம் என்றார். ஒரு பொட்டலம் பிஸ்கட் வாங்கிக்கொண்டு போய்க் கேட்டேன், பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு ம் என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது, நான் அவனோட உம்மாவைப் பெத்தவ, என்கிட்ட சொல்றதுக்கு என்ன என்று சத்தம் போட்டேன். பிள்ளைங்க சொன்னது என்கிட்ட அமானிதம்மா, உங்களுக்கும் ஏதாவது சொல்லணும்னா உட்காருங்க, அதையும் பத்திரமா வச்சுக்கறேன் என்றார். என்ன திமிர் பாரு என்று நினைத்துக்கொண்டேதான் உட்கார்ந்தேன், முழங்கால் வலி வேறு. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன், அவர் ஒரு கஜம் தள்ளி நின்று காற்றில் கத்தரியை ஓட்ட ஆரம்பித்தார். உன் தம்பி வராண்டா முனையில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறான். இரண்டு நிமிஷத்தில் எழுந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அரை மணி நேரம் பேசியிருக்கிறேன். என்ன பேசினேன் என்று உனக்குச் சொல்ல மாட்டேன், அது அவரிடம் அமானிதம். உன்னைப் பற்றித்தான் பேசினேன் என்று மட்டும் சொல்கிறேன், முழங்காலைப் பற்றிக்கூடப் பேசவில்லை. எழுந்து முக்காட்டைச் சரிசெய்யும்போது, உன் மகன் பதினோரு தடவை என்ன பேசியிருப்பான் என்று யாரும் சொல்லாமலே எனக்கு விளங்கிவிட்டது. அது குறை இல்லை மகளே, எந்தப் படிவத்திலும் அதற்குக் கட்டம் இருக்காது.

வெள்ளிக்கிழமை போனில் உன்னிடம் நல்லா இருக்கேன்மா, சாப்பிட்டேன்மா, வச்சிடறேன்மா என்று மூன்று வார்த்தையில் முடிக்கிறானே, மனசு விட்டுப் பேச மாட்டேங்கறான் என்று நீ வருத்தப்படுவாயே. ஏன் பேசுவான், அலுவலக அறையில் பெரிய ஹஜ்ரத் கையில் கடிகாரத்தோடு எதிரில் நின்று அஞ்சு நிமிஷம் என்று முழங்கினால் எந்த வக்கீலுக்கு வாய் வரும். இதை எப்படி அவரிடம் சொல்வது என்று தயங்கித் தயங்கித்தான் போனேன். நான் ஆரம்பிப்பதற்குள் அவர் தொப்பிக்குள்ளிருந்து மடித்து வைத்திருந்த ஒரு சீட்டை எடுத்துக் காட்டினார், பாருங்கம்மா, இதை நான் எழுதலை, ஒரு பிள்ளையாவது என் பேரை எழுதியிருக்கு என்றார். வாங்கிப் பார்த்தேன். கடைசி எழுத்தில் வாலை நீட்டி நீட்டி விடுகிற அந்தக் கையெழுத்து யாருடையது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஓட்டு ஹஜ்ரத்துக்கு, பேச்சு சலூன் மாமாவிடம், வக்கீல் இல்லாமல் வேறென்ன. நான் ம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன், அவரும் தொப்பிக்குள் வைத்துக்கொண்டார். அப்புறம் போன் விஷயத்தைச் சொன்னேன். கைக்குட்டையை நாலாக மடித்தார், எட்டாக மடித்தார், பிறகு பிரித்துவிட்டு, அப்ப நான் தண்ணித் தொட்டிப் பக்கம் நின்னுக்கறேன், கடிகாரத்தை உங்க மகன்கிட்ட கொடுத்துடறேன் என்றார். உன் தம்பிக்குக் கடிகாரம் பார்க்கிற பழக்கம் எவ்வளவு என்று உனக்கே தெரியும்.

ஆகையால் வருகிற வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு போன் பண்ணு. உன் மகன் அந்த நாற்காலியில் துணி போர்த்தித்தான் உட்கார்ந்திருப்பான், மாமா பக்கத்தில் நிற்பார். நல்லா இருக்கியா, சாப்பிட்டியா, ஓதினியா என்று நீ ஒன்றும் கேட்காதே, வீடியோவும் போடாதே, ம் என்று மட்டும் சொல்லு, அந்த மனுஷனிடமிருந்து நானே அதைக் கற்றுக்கொண்டுவிட்டேன், நீ டிகிரி வாங்கினவள், உன்னால் முடியும். கூட்டிக்கொண்டு போவதா இங்கேயே விடுவதா என்பதை அவன் பேசி முடித்த பிறகு அவனைக் கேட்டு முடிவு பண்ணு, கூட்டிக்கொண்டு போகிறேன் என்றால் நான் குறுக்கே நிற்க மாட்டேன், வழியனுப்பும்போது மட்டும் கொஞ்சம் அழுவேன். அதுவரைக்கும் மாப்பிள்ளையை டிக்கெட் எடுக்க வேண்டாம் என்று சொல்லு, என் சலாமையும் சொல்லு. வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வேலைக்குப் போகாதே. அல்லாஹ் உங்கள் இரண்டு பேருக்கும் நிறைந்த ஆயுளையும் நிம்மதியான தூக்கத்தையும் கொடுக்கட்டும், ஆமீன். மறக்காதே, வெள்ளிக்கிழமை, அஸருக்குப் பிறகு. போனில் கத்தரிச் சத்தம் கேட்டால் பயந்து வைத்துவிடாதே, வெட்டுவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை.

இப்படிக்கு,
ஐந்தாம் வகுப்பு மட்டுமே படித்தாலும் ஆறு பக்கம் எழுதிவிட்ட
உன் உம்மா